ஆக்சலாட்டில் எந்நேரமும் தீனி கேட்கிறதே, எவ்வளவுதான் கொடுப்பது?

தொட்டியருகே போனாலே உங்கள் ஆக்சலாட்டில் கண்ணாடியில் முகத்தை வைத்து நிற்கிறது என்றும், ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த விலங்கு என்றே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அதற்கு நாள்தோறும் தீனி வேண்டாம். 20 செ.மீ. நீளத்தைக் கடந்த ஆக்சலாட்டிலுக்கு இரண்டு அல்லது மூன்று நாளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். இதை யாரும் எனக்குச் சொல்லாததால் நான்கு மாதம் அந்த உயிரைத் துன்பப்படுத்தினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடையில் இதை 'வாக்கிங் ஃபிஷ்' என்று சொல்லி விற்றார்கள். தங்கமீனுக்குப் போடும் தீனியையே காலையும் மாலையும் போடும்படி சொன்னார்கள். இது மீனே அல்ல, மெக்சிகோ நகருக்கு அருகேயுள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட சாலமாண்டர் இனம், அதாவது பல்லி போன்ற உடலும் தவளையோடு உறவும் கொண்ட நீர்நில வாழ்வி. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதை வளர்ப்பவர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதையும் கடையில் சொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஓர் உயிரைக் கையில் கொடுப்பவர், அது என்ன உயிர், எதைத் தின்னும் என்ற இரண்டையுமாவது சரியாகச் சொல்ல வேண்டாமா என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

வேலை முடிந்து வீடு திரும்பியதும் இரவு ஒன்பது மணிக்கு நான் தீனி வைப்பேன். ரப்பர் பால்வெட்டுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பா பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பார். அவர் காலையில் பின்கட்டு வாழைத்தோட்டத்தில் மண்ணைக் கிளறி, இரண்டு மூன்று மண்புழுக்களை எடுத்து வந்து போட்டிருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் தொட்டியின் அடியில், பாதி செரித்து வெளுத்துப் போன புழுத்துண்டு ஒன்று கிடந்தது. முந்தைய இரவு நான் கொடுத்தது உலர்தீனி மட்டுமே. "மக்களே, நான்தான் போட்டேன். அதுக்க மூஞ்சியப் பாத்தா பசியில கெடக்க மாதிரி இருந்துது" என்றார் அப்பா. அன்றுதான் முதன்முறையாக அதை மேலிருந்து பார்த்தேன். வயிறு தலையைவிட அகன்று இரு பக்கமும் பிதுங்கியிருந்தது. பின்னங்கால்கள் தரையில் சரியாக ஊன்றாமல், வயிற்றைச் சுமந்துகொண்டு இழுத்து இழுத்து நகர்ந்தது. பக்கவாட்டில் கண்ணாடி வழியாகவே தினமும் பார்த்து வந்ததால் இது என் கண்ணில் படவே இல்லை.

அப்பா சொன்னது பொய்யல்ல, அதன் முகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது பசியின் அடையாளம் அல்ல. ஆக்சலாட்டில் முன்னால் அசைவதை வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் விலங்கு. இரை கிடைக்கும்போது தின்றுவிட வேண்டும் என்பதே அதன் இயல்பு. நம் விரல் அசைந்தாலும் வரும், கூட்டாளியின் கால் அசைந்தாலும் கவ்வும், கூழாங்கல்லையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். ஆகவே அது கேட்கிறதா என்பதை விட்டுவிட்டு, மேலிருந்து பாருங்கள். தலையின் இருபுறமும் வெளியே நீண்டிருக்கும் செவுள்களைக் கணக்கில் சேர்க்காமல், வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் சரியான உடல்வாகு. அதைவிட அகன்றால் தீனியைக் குறைக்க வேண்டும். ஒடுங்கினால் கூட்ட வேண்டும். முட்டை சுமக்கும் பெண் விலங்கும் அகன்றுதான் தெரியும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

எடை பார்க்க நான் சமையலறைத் தராசைப் பயன்படுத்துகிறேன். தொட்டித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து எடையைச் சுழியமாக்கிவிட்டு, வேறொரு டப்பாவால் விலங்கை மொண்டு, கூட வந்த தண்ணீரை வடித்துவிட்டு அதில் இறக்க வேண்டும். வலையால் பிடித்தால் செவுள் இழைகள் சிக்கிக் கிழியும். முதல் நாள் 148 கிராம் இருந்தது. மூன்று நாளுக்கு ஒரு மண்புழு என்று குறைத்து, ஐந்து மாதத்தில் 115 கிராமுக்கு வந்தது. பட்டினி போட்டு ஒரே மாதத்தில் இளைக்க வைப்பதும் தவறு என்பதால்தான் இவ்வளவு மெதுவாகச் செய்தேன்.

தீனி என்றால் மண்புழுவே முதன்மை. அப்பா கொண்டுவந்த தோட்டத்துப் புழுவை நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. வாழைக்கன்று நடும்போது குருணை மருந்து வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அந்த மண்ணில் வாழும் புழுவைத் தின்னும் விலங்குக்கு அந்த நஞ்சும் சேர்ந்தே போகும். இப்போது மண்புழு உரம் தயாரிப்பவரிடம் ஆப்பிரிக்க மண்புழுக்களை வாங்கித் தென்னை நார்க்கழிவில் நானே வளர்க்கிறேன். உரக்குழியிலேயே கிடைக்கும் மெல்லிய சிவப்புப் புழு, தொட்டால் மஞ்சள் நீர் விடும் வகை, கசப்பு போலும். என்னுடையது அதைக் கவ்விக் கவ்வித் துப்பியது. மூழ்கும் உலர்தீனியை இடையில் ஒரு வேளை கொடுக்கலாம். பிளட் வார்ம் எனப்படும் சிறு சிவப்புப் பூச்சிப்புழு குஞ்சுகளுக்கு நல்லது, வளர்ந்ததற்கு அது மட்டும் போதாது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வேண்டவே வேண்டாம். உயிருள்ள சிறு மீன்களோடு ஒட்டுண்ணிகளும் வரும். தின்னாத மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறும்.

மெலிந்துபோன விலங்குக்குத் தீனியைக் கூட்டுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள், தண்ணீர் சூடானாலும் அது தின்னாமல் மெலியும். இதற்கு ஏற்றது 16 முதல் 18 டிகிரி. 24 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டு வாளித் தண்ணீரே 29 டிகிரி காட்டுகிறது. குளிர்விப்பான் இல்லாமல் குமரி மாவட்டத்தில் இதை வளர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கடந்த மே மாதம் காற்றில் ரப்பர் மரம் மின்கம்பியில் சாய்ந்து இரவு முழுவதும் மின்சாரம் இல்லாதபோது, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டு 23 டிகிரியில் நிறுத்தினோம். செவுள்கள் முன்னோக்கி வளைந்திருந்தன, அது அவதிப்படுவதன் அறிகுறி. "வெறும் வயித்துல கெடக்கே" என்று அப்பா தவித்தார். ஆனாலும் தண்ணீர் குளிரும் வரை, இரண்டு நாள், எதுவும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் தானாகவே தின்றது.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. தீனியைக் குறைப்பது கொடுமை என்று யாரேனும் இங்கே எழுதக்கூடும். அவர்கள் அந்த வெளுத்த புழுத்துண்டைப் பார்த்திருந்தால் அப்படி எழுத மாட்டார்கள். மண்புழுவும் உயிர்தானே என்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் இறைச்சி உண்ணும் விலங்குக்கு வேறு வழியில்லை. ஒரே இரவில் வயிறு உப்பினால் அது கொழுப்பு அல்ல, நோய் அல்லது குடல் அடைப்பு. அப்போது தீனிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இப்போது தீனி வைப்பது முழுக்க அப்பாவின் பொறுப்பு. திங்கள், வியாழன், சனி மட்டும். வைத்தவுடன் நாட்காட்டியில் பேனாவால் ஒரு கோடு போடுவார். உங்கள் வீட்டிலும் தொட்டியருகே வேறு யாரெல்லாம் போகிறார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பிறகு மேலிருந்து ஒரு படம் எடுத்துக் கேள்வியோடு சேர்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு எத்தனை புழு என்று சொல்கிறேன்.