வெசலும் எச்ஆர்-வியும் ஒன்றுதானா?

கேள்வி: என்னுடையது ஜப்பானில் இருந்து இறக்கிய ஹொண்டா வெசல் ஹைபிரிட், 2018 மொடல், ஹொண்டா சென்சிங் (பாதையையும் முன் வாகனத்துடனான இடைவெளியையும் காக்க உதவும் வசதி) இருக்கிறது. காரின் ஸ்டியரிங்கையும் வேகத்தையும் பார்த்துக்கொள்ளும் ஓபன்பைலட் என்ற திறந்த மூல மென்பொருளுக்குப் பொருந்தும் கார்களின் பட்டியலில் எச்ஆர்-வி 2019-22 என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கார்தானே, அந்த மென்பொருள் ஓடும் கருவியை வாங்கிப் பூட்டினால் வேலை செய்யுமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: வெளியே பார்த்தால் ஒன்றுதான். ஜப்பானில் வெசல், வேறு பல நாடுகளில் எச்ஆர்-வி. ஆனால் ஓபன்பைலட் காரின் பெயரையும் முகத்தையும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்களிடம் ஃபர்ம்வேர் (அவற்றுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பைக் கேட்டு, வரும் பதில் தன்னிடம் உள்ள பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் வெறும் டாஷ்கேமாக வீடியோ பிடித்துக்கொண்டிருக்கும், ஸ்டியரிங்கைத் தொடாது. அமெரிக்க எச்ஆர்-வி பெட்ரோல், உங்களுடையது ஹைபிரிட், எனவே பூட்டிய அன்றே ஓடும் என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, நாமே சேர்க்கலாமா? சேர்க்கலாம், யாரும் எடுத்து மாற்றலாம் என்ற எம்ஐடி உரிமத்தில் நிரல் திறந்தே கிடக்கிறது. ஆனால் நிரல் எழுதுவதை விட ஒட்டுக்கேட்பதுதான் பெரிய வேலை. காரை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி, அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயரில் ஓடும் செய்திகளில் எந்த எண்ணுடையதில் எந்த பைட் ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் பிரேக், கியர், குரூஸ் பொத்தான் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து எந்தச் செய்திக்கு என்ன பொருள் என்று சொல்லும் டிபிசி கோப்பில் எழுத வேண்டும். கேட்பதாவது பரவாயில்லை, பேசுவதுதான் பாடு. ஹொண்டாவில் ஒவ்வொரு கட்டளையின் கடைசி பைட்டிலும் ஒரு செக்சம் (செய்தி பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்கும் கணக்கு), ஒரு கவுண்டர் (செய்திகளின் வரிசை எண்). ஒன்று பிசகினாலும் கார் அதை மதிக்காது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குத்தான் எரியும். (சில புதிய டொயோட்டாக்களில் செய்திக்கே ரகசியக் கையொப்பம் வேண்டும், அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.)

வளைவில் ஸ்டியரிங் போதாமல் திரும்புகிறது என்று முறுக்கு வரம்பை, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் விசையின் உச்ச அளவை, கூட்டச் சொல்லும் ஆட்கள் வருவார்கள். கூட்டாதீர்கள். நீங்கள் இழுத்தால் ஸ்டியரிங் உங்கள் கைக்கு வருவது அந்த வரம்பால்தான்.

இன்னொன்று, இது பாதைக் கோட்டையும் முன்னால் போகும் வாகனத்தையும் பார்த்து ஓடுவது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இரவில் யானை நின்றால் நீங்கள்தான் பிரேக் போட வேண்டும், நம் திருகோணமலை நகரத்து மான்களுக்கும் அப்படியே. முதலில் ஒரு வாரம் நிலாவெளி வீதியில் பதிவு மட்டும் எடுத்து, அதில் கிடைக்கும் ஃபர்ம்வேர் எண்களை எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.