ராஜ்யமா, ஆட்சியா?
வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் வேதாகமத்தில் 'தேவனுடைய ராஜ்யம்' என்று இருக்கிறது. மத்தேயுவில் பெரும்பாலும் 'பரலோகராஜ்யம்'. கத்தோலிக்க நண்பரின் திருவிவிலியத்தில் 'இறையாட்சி', 'விண்ணரசு'. எல்லாம் ஒன்றுதானா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒன்றுதான். மூலத்தில் இருப்பது 'பசிலேயா' என்ற கிரேக்கச் சொல். அதற்கு முதற்பொருள் அரசாளுதல். ஆளப்படும் நிலம் என்பது அதற்கு அடுத்த பொருள். லூக்கா 19:12-ல் ஒரு பிரபு ராஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பிவரத் தூரதேசத்துக்குப் போகிறான். நிலத்தை மூட்டை கட்டிக்கொண்டு வர முடியுமா? அவன் வாங்கிவரப் போனது ஆளும் உரிமையை. கேட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கி.மு. 4-ல் யூதேயாவின் ராஜாவான பெரிய ஏரோது இறந்ததும் அவன் மகன் அர்கெலாயு இதற்காகத்தான் ரோமுக்குப் போனான். இவன் எங்களுக்கு வேண்டாம் என்று முறையிட யூதர் ஐம்பது பேரும் அங்கே போனார்கள்.

யூத மரபில் கடவுளைச் சொல்வதற்குப் பதிலாக 'வானம்' என்று சொல்வது உண்டு. மத்தேயு அந்த வழக்கை எடுத்துக்கொள்கிறார். ஆனால் அவரே 19:23-ல் 'பரலோகராஜ்யம்' என்றும், அடுத்த வசனத்தில் அதே பேச்சைத் தொடரும்போது 'தேவனுடைய ராஜ்யம்' என்றும் எழுதுகிறார். இரண்டும் வேறு என்று அட்டவணை போட்டுப் பிரித்துக் காட்டும் போதகர்களிடம் இந்த இரண்டு வசனங்களையும் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பில் எங்கள் ஓட்டு 'இறையாட்சி'க்கே. 'ராஜ்யம்' என்றதும் எல்லைக்கல் ஞாபகம் வருகிறது. 'பரலோகராஜ்யம்' என்றால் செத்த பிறகு போகும் ஊர் என்றாகிவிடுகிறது. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'ஆட்சி'யிலும் ஒரு வில்லங்கம் உண்டு: ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவது என்ற வாடை அடிக்கிறது!

கேள்வி: லூக்கா 17:21 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே' என்கிறது. அப்படியானால் அது மன அமைதிதானே? திருவிவிலியம் ஏன் 'உங்கள் நடுவே' என்று மாற்றுகிறது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: யாரிடம் சொல்லப்பட்டது என்று முதலில் பாருங்கள். கேள்வி கேட்டவர்கள் பரிசேயர், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர். ஆறு அதிகாரம் முன்னால், உங்கள் உள்ளம் கொள்ளையாலும் பொல்லாப்பாலும் நிறைந்திருக்கிறது என்று ஒரு பரிசேயன் வீட்டுப் பந்தியில்தான் இயேசு சொன்னார். அவர்களிடமே ராஜ்யம் உங்கள் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று சொல்லியிருப்பாரா? 'என்டோஸ்' என்ற அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. மற்றொன்று மத்தேயு 23:26, பாத்திரத்தின் உட்புறத்தைப் பற்றியது. ஆகவே 'உள்ளே' என்று வாசிக்க இலக்கணம் தடை சொல்லாது; இடம்தான் இடிக்கிறது. தம்மையே காட்டி, 'இதோ உங்கள் மத்தியில் வந்து நிற்கிறது' என்கிறார் என்று கொள்வதே பொருந்தும்.

தமிழ் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. 'உங்களுக்குள் சண்டை வேண்டாம்' என்றால் நெஞ்சுக்குள் நடக்கும் சண்டையையா சொல்கிறோம்? பழைய மொழிபெயர்ப்பின் 'உங்களுக்குள்' இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும் சொல். அதைத் தியான வகுப்புப் பக்கம் இழுத்தது நாம்தான்.

கேள்வி: ராஜ்யம் வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா?
- வாசகர், திருச்சி

பதில்: இரண்டும். மத்தேயு 12:28-ல் 'வந்திருக்கிறதே' என்கிறார். அதே இயேசு 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று ஜெபிக்கவும் கற்றுக்கொடுக்கிறார். 1892-ல் ஜெர்மன் வேத அறிஞர் யோஹான்னஸ் வைஸ் அது முழுக்க எதிர்காலம் என்று எழுதினார், 1935-ல் பிரிட்டிஷ் வேத அறிஞர் சி. எச். டாட் அது வந்தே விட்டது என்று வாதாடினார். இன்று பெரும்பாலோர் இரண்டையும் சேர்த்தே பிடிக்கிறார்கள். விதை மண்ணில் விழுந்தாயிற்று, அறுப்பு இன்னும் வரவில்லை. மாற்கு 4:26-29 இதைத்தான் சொல்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால் கோளாறு: 'வந்துவிட்டது' மட்டும் என்றால் நோயாளியிடம் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்வதில் முடியும். 'வரும்' மட்டும் என்றால் தெருவில் நடக்கும் அநியாயம் கண்ணில் படாமல் போகும்.

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் 10-12 வயதுப் பிள்ளைகளுக்கு 40 நிமிட வகுப்பு. மத்தேயு 13:33, புளித்தமா உவமை. எப்படி நடத்துவது?
- ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அளவிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் உவமையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பெண் புளித்தமாவை அடக்கிவைத்தது நம் வேதாகமத்தில் 'மூன்றுபடி மா'வில். படி ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு வேளை பலகாரம் என்றுதான் பிள்ளைகள் நினைக்கும். மூலத்தில் உள்ள 'சாத்தோன்' சுமார் 13 லிட்டர். மூன்று என்றால் நாற்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திருவிவிலியம் 'மூன்று மரக்கால்' என்கிறது. எட்டுப் படி ஒரு மரக்கால் என்பதால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. எடையில் இருபது கிலோவைத் தாண்டும், நூறு பேர் சாப்பிடலாம். இருபது கிலோ மாவு மூட்டை ஒன்றை மேசையில் வைத்து, 'எத்தனை பேருக்கு ரொட்டி வரும்?' என்று கேளுங்கள். முதல் பத்து நிமிடம் இதிலேயே போகட்டும். ஆதியாகமம் 18:6-ல் ஆபிரகாம் மூன்று விருந்தாளிகளுக்காகச் சாராளைப் பிசையச் சொன்னதும் இதே அளவுதான்.

அடுத்து, புளித்தமா என்பது பாக்கெட் ஈஸ்ட் அல்ல. முந்தின தடவை பிசைந்ததில் எடுத்து வைத்த உருண்டை. ரொட்டிக்கடையில் புளித்த மாவு எலுமிச்சை அளவு கேட்டு வாங்குங்கள். கால் கிலோ கோதுமை மாவில் அதைக் கலந்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தளரப் பிசைந்து கண்ணாடி ஜாடியில் வையுங்கள். இன்னொரு ஜாடியில் உருண்டை சேர்க்காத மாவு. இரண்டிலும் மட்டத்துக்கு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். தவறு நடக்கும் இடங்கள் மூன்று. வகுப்பில் பிசைந்தால் 40 நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் உப்பாது. நம் ஊர் வெக்கையில் முந்தின இரவே வைத்தால் உப்பி, காலைக்குள் அமுங்கிப்போயிருக்கும். வகுப்புக்கு நான்கு மணி நேரம் முன்னால் பிசைவதே சரி. சுடுதண்ணீர் ஊற்றினால் நுண்ணுயிர் செத்துவிடும்.

பிறகு வசனத்தை வாசித்து, 'அடக்கிவைத்தாள்' என்ற சொல்லில் நில்லுங்கள். மூலத்தில் அது 'ஒளித்துவைத்தாள்' என்ற பொருள்படும் சொல். கலந்த பிறகு உருண்டையைத் தேடினால் கிடைக்காது. ஆனால் முழு மாவும் மாறுகிறது. 'அந்தப் பெண் யார்? மூன்று அளவு என்பது திரித்துவமா?' என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேட இறங்காதீர்கள். புளிப்பு இங்கே சபைக்குள் நுழையும் கள்ள உபதேசம் என்று விளக்குகிறவர்களும் உண்டு. மற்ற இடங்களில் அது கெட்ட பொருளில் வருவது உண்மைதான், பரிசேயரின் புளித்தமா போல. ஆனால் இந்த வசனம் பரலோகராஜ்யமே புளித்தமாவுக்கு ஒப்பு என்கிறது. பக்கத்திலேயே, சிறிதாகத் தொடங்கி மரமாக வளரும் கடுகுவிதை உவமை வேறு இருக்கிறது. கெட்ட பெயர் எடுத்த ஒரு பொருளை வேண்டுமென்றே எடுத்ததுதான் கேட்டவர்களைத் திடுக்கிட வைத்திருக்கும்.

அடுத்த வாரம் மத்தேயு 20, திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமையை எடுத்தால் ஒரு எச்சரிக்கை: 'பதினோராம் மணி' என்பது காலை 11 அல்ல, மாலை 5. நாளைக் காலை ஆறிலிருந்து எண்ணினார்கள். இதைச் சொல்லாவிட்டால் கடைசியில் வந்தவன் ஒரு மணி நேரம்தான் வேலை செய்தான் என்பது பிள்ளைகளுக்குப் புரியாது.

கேள்வி: 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்ற முடிவு கத்தோலிக்கர் சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தில் ஏன் இல்லை?
- வாசகர், மதுரை

பதில்: மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை, லூக்காவிலும் இல்லை. திருப்பலியில் குருவின் இடைமன்றாட்டுக்குப் பிறகு மக்கள் அதைச் சொல்லவே செய்கிறார்கள், ஜெபத்தோடு ஒட்டாமல்.

கேள்வி: சபைதான் தேவனுடைய ராஜ்யமா? எங்கள் சபையில் கட்டட நிதிக்குக்கூட 'ராஜ்யத்தின் வேலை' என்றுதான் கேட்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: கட்டடத்துக்குக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் பெயர் அது அல்ல. சபை ராஜ்யத்துக்குச் சாட்சி சொல்கிறது, அதற்குக் காத்திருக்கிறது. சபையே ராஜ்யம் அல்ல. கத்தோலிக்க திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட ஏடுகூடத் திருச்சபையை அந்த ஆட்சியின் 'வித்தும் தொடக்கமும்' என்றே சொல்கிறது. வித்து மரம் அல்ல. களைகள் உவமையில் 'நிலம் உலகம்' என்று இயேசுவே விளக்கம் தருகிறார் (மத்தேயு 13:38). அங்கே வரும் களை, கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே தோற்றம் காட்டும் ஒரு புல். வேர்களும் பின்னிக்கொள்ளும். அதனால்தான் பிடுங்காதே என்ற கட்டளை. நம் சபைதான் ராஜ்யம் என்று நினைக்கும் குழு முதலில் செய்வது பிடுங்குவதைத்தான்.

கேள்வி: ஆயிர வருட அரசாட்சியை நம்பியே ஆகவேண்டுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்த ஆயிரம் வருடம் வெளிப்படுத்தின விசேஷம் 20-ஆம் அதிகாரத்தில் ஆறு முறை வருகிறது; கிறிஸ்துவின் ஆட்சிக்கு அந்தக் கணக்கு வேறெங்கும் சொல்லப்படவில்லை. கிறிஸ்து வந்த பிறகு நேரடியாக ஆயிரம் வருடம் என்பார் சிலர். வருமுன் என்பார் சிலர். பழங்காலத் திருச்சபை ஆசான் அகுஸ்தீனுக்குப் பின் மேற்குத் திருச்சபையில் பெரும்பாலோர் அதைச் சபையின் காலமாகவே வாசித்தார்கள். மூன்று அணியிலும் நல்ல விசுவாசிகள் உண்டு. 325-ஆம் ஆண்டு நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் இல்லாத ஒரு வரி 381-ஆம் ஆண்டு வடிவத்தில் இருக்கிறது: அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்பது. ஞாயிறுதோறும் நீங்கள் அறிக்கையிடுவது அதை. ஆயிரம் என்ற எண் அங்கே இல்லை.