முகமூடிக்கு உள்ளே இருப்பவர் யார்? சூப்பர் ஹீரோ நடிகர் தேர்வும் ரீமேக்கும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஒரு சூப்பர் ஹீரோ வேடத்துக்கு நடிகரின் பெயரை அறிவித்த அன்றே ரசிகர்கள் கொதித்தெழுகிறார்கள். இது சமூக ஊடகங்கள் கொண்டுவந்த வழக்கமா?

பதில்: வணக்கம். இந்த வழக்கம் சமூக ஊடகங்களைவிட வயதில் மூத்தது. பேட்மேனாக மைக்கேல் கீட்டன் நடிக்கப்போகிறார் என்ற செய்தி 1988-இல் வந்தபோது, அவரை நகைச்சுவைப் படங்களிலேயே பார்த்துப் பழகிய காமிக்ஸ் வாசகர்கள் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 50,000 கடிதங்கள் என்பது அன்று முதல் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1960-களின் தொலைக்காட்சித் தொடர் பேட்மேனைச் சிரிப்புப் பாத்திரமாக்கியிருந்தது; 1986-இல் பிராங்க் மில்லரின் சித்திரக் கதைதான் அந்த மனிதனின் இருண்ட பக்கத்தை மறுபடி வாசகர்கள் முன் வைத்தது. கிடைத்தது கைநழுவிவிடுமோ என்று அவர்கள் பயந்தார்கள்.

இயக்குநர் டிம் பர்ட்டன் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தார். மலைபோன்ற உடம்பு உள்ளவன் எதற்காக வௌவால் வேடம் போட வேண்டும், அவன் இருக்கிறபடியே போய் எதிரியை அடித்துவிடலாமே என்பது அவருடைய கேள்வி. சராசரி உடல்வாகும், அமைதியில்லாத கண்களும் கொண்ட ஒருவருக்குத்தான் அந்த வேடம் தேவைப்படும் என்று அவர் நம்பினார். படத்தை மீண்டும் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரப்பர் உடையில் முகமூடியும் தோள்பகுதியும் இணைந்திருந்ததால் கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் இடுப்புக்கு மேல் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். அந்த இடைஞ்சலையே அவர், கோயில் தூண் சிற்பம் ஒன்று உயிர்பெற்றுத் திரும்புவது போன்ற அசைவாக மாற்றிக்கொண்டார். 2008-இல் வந்த படத்தில் பேட்மேன் தலையைத் திருப்ப வசதியான புதிய உடை கேட்கும் காட்சி ஒன்று உண்டு. இருபது ஆண்டு காலச் சங்கடத்துக்கு அங்கேதான் விடை கிடைத்தது.

கேள்வி: கீட்டன், ஹீத் லெட்ஜர் என்று வென்றவர்களையே எல்லோரும் உதாரணம் காட்டுகிறீர்கள். அப்படியானால் ரசிகர்களின் எதிர்ப்பு எப்போதும் தவறுதானா?

பதில்: நியாயமான கேள்வி. பேட்மேனின் எதிரி ஜோக்கராக லெட்ஜர் நடிப்பார் என்று 2006-இல் அறிவித்தபோது கேலி செய்தவர்கள், 2009-இல் அவர் மறைவுக்குப் பின் அவருக்கு ஆஸ்கர் வழங்கப்பட்டபோது மௌனமானார்கள் என்பது உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லா எதிர்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. 2004-இல் 'கேட்வுமன்' படுதோல்வி அடைந்ததையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அதே சமயம் அதில் கேட்வுமனாக நடித்த ஹாலி பெர்ரி, அந்தப் படத்துக்கு இரண்டே ஆண்டுகள் முன்னால் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வென்றவர் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே சறுக்கியது எழுத்து. பழி விழுந்தது முகத்தின் மேல்.

இதை ஐயமில்லாமல் காட்டும் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ். 2009-இல், மிருகச் சீற்றம் கொண்ட எக்ஸ்-மென் நாயகன் வுல்வரினின் முன்கதையைச் சொன்ன படத்தில் டெட்பூல் வேடத்தை அவருக்குத்தான் கொடுத்தார்கள். வாய் ஓயாமல் பேசுவதே அடையாளமாக உள்ள அந்தக் கூலிப்படைக்காரனை, இறுதிக் காட்சியில் வாயைத் தைத்து ஊமையாக நிறுத்திவிட்டார்கள். 2016-இல் அதே நடிகர், அதே வேடம். இம்முறை படத்தின் பெரும்பகுதியில் முகம் துணிக்குள் மறைந்திருக்க, வாய் திறந்துவிடப்பட்டது. குரலும் தோளசைவும் மட்டுமே கொண்டு அவர் அந்தப் படத்தைத் தாங்கினார். எனவே எதிர்க்கும் ரசிகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நடிகரின் பெயரோடு, திரைக்கதை எழுதுபவரின் பெயரையும் அதே அக்கறையோடு விசாரியுங்கள்.

கேள்வி: காமிக்ஸில் வுல்வரின் 5 அடி 3 அங்குலம், ஹியூ ஜாக்மனோ ஆறடிக்கு மேல். மூலத்துக்கு விசுவாசம் என்று பேசுகிறவர்கள் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பதில்: அவர்கள் உயரத்தை மறக்கும்படி அவர் நடந்துகொண்டார் என்பதே விடை. அந்த வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் டக்ரே ஸ்காட். அவருடைய வேறொரு படத்தின் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனதால், அதிகம் அறியப்படாத ஜாக்மன், படப்பிடிப்பு தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தார். குனிந்த தலையும், எந்நேரமும் பாயத் தயாரான தோளும் அந்த மிருகத்தைக் கொண்டுவந்துவிட்டன. உயரம் என்பது சித்திரத்தின் தகவல், சீற்றம்தான் பாத்திரம்.

கேள்வி: அப்படியானால் தேர்வு செய்பவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்? உடம்பையா, நடிப்பையா?

பதில்: இரட்டை வாழ்வு உள்ள பாத்திரம் என்றால், முகமூடி போடாத மனிதனை யாரால் நடிக்க முடியும் என்றுதான் நல்ல தேர்வாளர் பார்ப்பார், உடம்பை உடற்பயிற்சிக் கூடத்தில் உருவாக்கிக்கொள்ளலாம். 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்துக்குப் பெரிய நட்சத்திரங்கள் பலர் பரிசீலிக்கப்பட்ட நிலையில், நாடக மேடையிலிருந்து வந்த கிறிஸ்டோபர் ரீவ் தேர்வானார். நெடிய, ஆனால் ஒல்லியான இளைஞர் அவர். 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடராகத் திரையில் நின்ற டேவிட் பிரௌஸ்தான் அவருக்கு எடைப்பயிற்சி அளித்தார்.

அந்தப் படத்தில் ஒரு சிறிய காட்சி. சக நிருபர் லோயிஸின் வீட்டுக் கூடத்தில், மூக்குக் கண்ணாடி போட்ட சூப்பர்மேனின் அன்றாட வேடமான கிளார்க் கென்ட் தனியே நிற்கிறார். அவள் உள்ளே இருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றுகிறார். வளைந்த முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்கிக் கனக்கிறது. ஒப்பனையோ வெட்டோ இல்லாமல், நம் கண்ணெதிரே அவர் சில அங்குலம் வளர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவள் வரும் அரவம் கேட்டுத் துணிவு தளர, கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறுகிறது, உடம்பு பழையபடி சுருங்குகிறது. ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்று நாற்பது ஆண்டுகளாகக் கிண்டல் செய்த உலகத்துக்கு அந்த ஒரு காட்சி போதுமான பதில் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இத்தகைய தேர்வைச் செய்பவர்களுக்கு ஆஸ்கரில் தனிப் பிரிவே இல்லாமல் இருந்தது. 2025-இல் வெளியான படங்களிலிருந்துதான் அது தொடங்கியது. மிகத் தாமதமான மரியாதை.

கேள்வி: வெள்ளையராக வரையப்பட்ட பாத்திரத்தைக் கறுப்பினத்தவர் நடிப்பதை எதிர்த்தால் உடனே இனவெறி என்கிறார்கள். மூலத்தை மதிப்பது குற்றமா?

பதில்: மூலத்தை மதிப்பது குற்றமல்ல, ஆனால் எது மூலம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2011-இல் 'தோர்' படத்தில் ஹெய்ம்டாலாக இட்ரிஸ் எல்பா வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஹெய்ம்டால் தேவலோக வாசலைக் காப்பவன். எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணும் அசையாத நிலையும்தான் அவனுடைய இயல்பு. அதில் தோலின் நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை. உளவுத் தலைவர் நிக் பியூரி விஷயத்தில் காமிக்ஸே முந்திக்கொண்டது: 2002-இல் தொடங்கிய ஒரு வரிசையில் சாமுவேல் எல். ஜாக்சனின் முகச்சாயலில் அவரை வரைந்தார்கள்; 2008-இல் ஜாக்சனே அந்த வேடத்தில் திரையில் தோன்றினார்.

கதையின் முதுகெலும்பாகவே இனமும் மண்ணும் அமைந்த பாத்திரங்களில் எனக்கு வேறு கருத்து. கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவின் அரசன் பிளாக் பாந்தரை ஆப்பிரிக்க வேர் இல்லாத ஒருவர் நடிக்கக் கூடாது. அதே அளவுகோலில், டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் குருவாக, திபெத்தியராக வரையப்பட்ட ஏன்ஷியன்ட் ஒன் வேடத்தை 2016-இல் வெள்ளையரான டில்டா ஸ்விண்டனுக்குக் கொடுத்ததும் தவறு என்றே சொல்வேன், அவர் சிறப்பாக நடித்திருந்தபோதிலும்.

கேள்வி: சாட்விக் போஸ்மன் மறைந்த பிறகு வகாண்டா அரசன் டிசால்லா வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று ரசிகர்களில் ஒரு சாரார் கேட்டார்கள். உங்கள் கருத்து?

பதில்: இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. போஸ்மன் 2020 ஆகஸ்டில் மறைந்தார். அந்த வேடத்துக்கு அவர் செய்தது நடிப்போடு நிற்கவில்லை. ஐரோப்பியர் ஆளாத ஒரு நாட்டின் அரசன் ஆங்கிலேயரைப் போலவோ அமெரிக்கரைப் போலவோ பேச மாட்டான் என்று வாதாடி, ஆப்பிரிக்க உச்சரிப்பைப் பெற்றுத் தந்தவர் அவர். அவருக்குத் தந்தையாக நடித்த ஜான் கானியின் தாய்மொழியான கோசா, வகாண்டாவின் மொழியானது. 2022-இல் வந்த இரண்டாம் படம், அரசனின் இறுதி ஊர்வலத்தோடு தொடங்கியது. அந்தப் படத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் என்றென்றைக்கும் அந்த வேடத்தைப் பூட்டி வைப்பதை நான் ஏற்கவில்லை. 1966 முதல் இருந்துவரும் ஓர் அரசன், அவனைத் திரையில் கண்டு நிமிர்ந்த குழந்தைகளுக்குச் சொந்தமானவன்.

கேள்வி: ஸ்பைடர்மேனை ஏன் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள்?

பதில்: உரிமை ஒப்பந்தம் ஒரு முக்கியக் காரணம். சோனி நிறுவனத்திடம் உள்ள திரைப்பட உரிமை, குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படத்தைத் தொடங்காவிட்டால் காமிக்ஸ் நிறுவனமான மார்வெலிடமே திரும்பிப் போய்விடும். 2002, 2012, 2017 என்று மூன்று நடிகர்களோடு மூன்று தொடக்கங்கள் வந்ததற்குப் பின்னால் இந்தக் கெடுவும் இருக்கிறது. கெடுவுக்காகவே எடுக்கப்பட்ட படத்துக்கு உதாரணம் வேண்டுமானால், 'பென்டாஸ்டிக் போர்' என்ற நால்வர் அணியின் கதையைச் சுமார் பத்து லட்சம் டாலரில் எடுத்து முடித்து, 1994-இல் வெளியிடாமலேயே முடக்கியதைச் சொல்லலாம். அதில் நடித்தவர்கள் தங்கள் செலவில் விளம்பரமெல்லாம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி: ரீமேக் என்றாலே கற்பனை வறட்சி என்பது என் எண்ணம். மூலத்தை மிஞ்சிய ரீமேக் உண்டா?

பதில்: உண்டு. ஜான் ஹியூஸ்டனின் 'மால்டீஸ் பால்கன்' 1941-இல் வந்தபோது, அதன் மூலமான நாவல் ஏற்கெனவே 1931-லும் 1936-லும் படமாகியிருந்தது. இன்று நினைவில் நிற்பது மூன்றாவதுதான். 1958-இல் வந்த 'தி பிளை' படத்தில் மனிதனுக்கு ஈயின் தலை ஒரே நொடியில் வந்துவிடும். 1986-இல் டேவிட் குரோனன்பெர்க் அதைத் தீராத நோய்போல மெதுவாக வரவழைத்தார்: குளியலறைக் கண்ணாடி முன் நின்று அவன் தன் விரல் நகம் கழன்று வருவதைப் பார்க்கும்போது, அரக்கனைக் கண்ட பயம் போய், நோயாளியைக் கண்ட துயரம் வருகிறது. கதை பழையது, பயம் புதியது.

எதிர்ப்பக்க உதாரணம் 1998-இல் வந்த 'சைக்கோ'. ஹிட்ச்காக்கின் 1960-ஆம் ஆண்டுப் படத்தை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே வண்ணத்தில் எடுத்தார் கஸ் வான் சான்ட். அதே திரைக்கதை, அதே இசை. உயிர் மட்டும் வரவில்லை. உங்கள் எண்ணம் அந்தப் படத்துக்கு முழுமையாகப் பொருந்தும்.

கேள்வி: 'பாபநாசம்' பார்த்த பிறகுதான் மலையாள 'த்ரிஷ்யம்' பார்த்தேன். இரண்டையும் எடுத்தவர் ஒருவரே. ஆனாலும் எனக்கு இரண்டும் வேறு வேறு படமாகத் தெரிகின்றன. இது என் பிரமையா?

பதில்: பிரமையல்ல. (இரண்டையும் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடவும்.) 2013-இல் மலையாளத்திலும் 2015-இல் தமிழிலும் ஜீத்து ஜோசப்பே இயக்கினார். கதை ஒன்றே, ஆனால் இறந்த பையனின் பெற்றோரை அந்தத் தகப்பன் கடைசியாகச் சந்திக்கும் காட்சியை அடுத்தடுத்துப் பாருங்கள். மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி தன்னை அடக்கிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறார். கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் நெல்லைத் தமிழில் உடைந்து அழுகிறார். அழுகை மிகையென்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றவுணர்வைச் சுமந்து நிற்பவன் அழாமல் இருந்திருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வந்திருக்காது.

அதே கதை 2019-இல் சீன மொழியிலும் படமானது. தாய்லாந்தில் வாழும் சீனக் குடும்பம் அது. அங்கே தகப்பன் முடிவில் சரணடைந்துவிடுகிறான். கேரளத்தில் அவன் ரகசியத்தை அடக்கினான், திருநெல்வேலியில் அழுதான், அங்கே சிறைக்குப் போனான். மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு, எந்தத் தகப்பனை உங்களால் மன்னிக்க முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.