மாத்திரை இருக்கும்போது வகுப்பு எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. சிறிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை அவனை மனநலப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. பைபோலார், அதாவது மனம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் மனஎழுச்சியும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் என்றார்கள். லித்தியம் மாத்திரையால் இப்போது நன்றாக இருக்கிறான். நோயைப் பற்றிய உளக்கல்வி வகுப்புக்குக் குடும்பத்தோடு வாரந்தோறும் வரும்படி மருத்துவர் சொல்கிறார். பாட்டி இதைச் செய்வினை என்கிறார். அம்மா கந்த சஷ்டி விரதம் இருக்கச் சொல்கிறார். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பது அப்பாவின் எண்ணம். மாத்திரையே வேலை செய்யும்போது, வெளிநாட்டு முறை வகுப்பு எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எதற்கு?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தம்பி நன்றாக இருக்கும் இந்தக் காலம்தான் அந்த வகுப்புக்கு ஏற்ற காலம். மனஎழுச்சியின் உச்சத்தில் இருப்பவருக்கு எதை விளக்கினாலும் நிற்காது. சோர்வின் அடியில் கிடப்பவருக்குக் கேட்கவே தெம்பிருக்காது. பார்சிலோனாவில் நோய் தணிந்திருந்த 120 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவினருக்கும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே, ஒரு குழுவினருக்கு மட்டும் 21 அமர்வுகளில் நோயைப் பற்றிக் கற்பித்த ஆய்வு 2003-இல் வெளியானது. கற்றவர்களுக்கு நோய் திரும்பியது குறைவாக இருந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் அந்த வேறுபாடு நீடித்தது. மாத்திரைக்கு மாற்றாக அல்ல, அதற்கு மேலாகக் கிடைத்த பயன் இது.

வெளிநாட்டு முறை என்ற உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பார்சிலோனாவில் சொன்னதை அப்படியே நம் வீட்டில் ஒப்பித்தால் பாதி பயன்தான் கிடைக்கும். பாகிஸ்தானில் இதே கல்வியை அவ்வூர் மொழிக்கும் நம்பிக்கைகளுக்கும் குடும்ப வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றி, 34 பேரிடம் 12 அமர்வுகளாக நடத்திப் பார்த்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இப்படி மாற்றியமைத்தால் மக்கள் வருகிறார்கள், பயனும் தென்படுகிறது என்பதை அது காட்டியது. ஆகவே வகுப்புக்குப் போய்ப் பேசாமல் கேட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் வீட்டுச் சங்கதிகளை அங்கே எடுத்து வையுங்கள்.

முதலில் விரதம். லித்தியம் சாப்பிடுபவரின் உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். வழக்கமான அதே மாத்திரையிலேயே இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் அதிகரிப்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை அந்த அளவு நஞ்சாகிவிட்டதன் அறிகுறிகள். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனவே தண்ணீர் கூடக் குடிக்காத பட்டினியும், உப்பில்லா விரதமும், சித்திரை வெயிலில் பாதயாத்திரையும் தம்பிக்கு ஆகாது. மூட்டுவலி, பல்வலி என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் வாங்கிப் போடுவதும் இதே வழியில் ஆபத்தானது. சிவராத்திரிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இரவு முழுவதும் விழித்திருப்பதை இன்னும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஒரே ஓர் இரவின் தூக்கம் கெடுவது கூடச் சிலருக்கு மனஎழுச்சியைக் கிளப்பிவிடும். அம்மா சஷ்டிக்குக் கோயிலுக்குப் போகட்டும், தம்பியும் கூடப் போகட்டும். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு, இரவில் நேரத்தோடு படுத்துவிட வேண்டும். பால் பழம் மட்டும் உண்ணும் விரதமாவது இருக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

பாட்டியோடு வாதாட வேண்டாம். வழிபாடு நோயைக் கெடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்துவதும், கட்டிப்போடுவதும்தான் கெடுக்கும். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நம் மாநிலம் மறக்கக் கூடாது. அதே ஏர்வாடி தர்காவில் இன்று 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) என்ற பெயரில், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல சிகிச்சையும் தரும் திட்டம் இருக்கிறது. பாட்டி திருநீறு பூசிவிடட்டும். இரவு மாத்திரையையும் அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் நீங்கள் செய்யும் வேலைகளில் மிக முக்கியமானது, நோய் திரும்புவதற்கான முன்னடையாளங்களைத் தம்பியின் வாழ்க்கையிலிருந்தே எடுத்துப் பட்டியலிடுவது. முன்பு சேர்த்த இரண்டு முறையும், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் என்ன நடந்தது என்று எல்லோரும் உட்கார்ந்து யோசியுங்கள். விடிகாலை மூன்று மணிக்குக் கடையைத் திறந்து அடுக்கினானா, கேட்டவர்களுக்கெல்லாம் கடனாகச் சரக்கு கொடுத்தானா, பழைய நண்பர்களை இரவெல்லாம் போனில் அழைத்தானா, தூங்காமலே களைப்பின்றி இருந்தானா? சோர்வு வரும்போது நம் ஊரில் பெரும்பாலோர் மனது சரியில்லை என்று சொல்வதில்லை. உடம்பு கனக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு எரிகிறது என்பார்கள், சவரம் செய்துகொள்ள மாட்டார்கள், கடைக்குப் போகத் தள்ளிப்போடுவார்கள். இவற்றைத் தம்பி தன் வாயால் சொல்ல வேண்டும், நீங்கள் எழுத வேண்டும். எந்த அடையாளம் தெரிந்தால் யார் மருத்துவரை அழைப்பது, கடைச் சாவியையும் ஏடிஎம் அட்டையையும் யாரிடம் கொடுத்து வைப்பது என்பதையும் அவன் தெளிவாக இருக்கும்போதே அவனுடைய சம்மதத்தோடு முடிவு செய்யுங்கள். அவன் சம்மதம் இல்லாத திட்டம் காவலாகத்தான் தோன்றும். வீட்டில் ஒவ்வொரு சிரிப்பையும் கோபத்தையும் நோய் என்று பார்க்கத் தொடங்கினால் அவன் மனம் நொந்துபோவான்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது சுருக்கமானது. கல்யாணம் மருந்து அல்ல. பைபோலார் உள்ளவர்கள் நல்ல இல்லறம் நடத்துகிறார்கள். ஆனால் நோயைப் பெண் வீட்டாரிடம் மறைத்துச் செய்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி. மறைத்தவர்கள் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட நேர்ந்து, சில மாதங்களில் அதை நிறுத்திவிடுகிறார்கள். சொல்லிச் செய்யுங்கள்; கல்யாண வாரத்தில் தூக்கமும் மாத்திரையும் தவறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இரத்தத்தில் லித்தியத்தின் அளவும், சிறுநீரகம், தைராய்டு பரிசோதனைகளும் எப்போது என்று கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறான் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால், மிரட்டலாக எண்ணாமல், தனியே விடாமல், மாத்திரைகளை உங்கள் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடு இரவில் யாரிடம் கேட்பது என்று திகைத்தால், அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.