வாசகர் கேள்வி – பதில்: தரவையில் செம்மறி எதை மேய்கிறது?

கேள்வி: செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் ஒன்றாகவே தரவைக்கு விடுகிறோம். வெள்ளாடுகள் வேலியையும் பற்றைகளையும் நாடிப் போய்விட, செம்மறிகள் நாள் முழுவதும் நிலத்தில் வாய் வைத்தபடியே நிற்கின்றன. அவை அறுகம்புல்லை மட்டுமா உண்கின்றன? கோடையில் புல் நிறைய நின்றும் அவை மெலிவது ஏன்?
– வாசகர் ஒருவர், வேலணை

பதில்: அறுகு அவற்றின் உணவில் பெரும்பங்கு வகிப்பது உண்மையே, ஆயினும் செம்மறி அரிவாள் போல எல்லாவற்றையும் ஒரே சீராக அறுத்துச் செல்வதில்லை. முகவாய் ஒடுங்கி, மேலுதடு நடுவில் பிளந்திருப்பதாலும், கீழ்வாய்ப் பற்களை மேல்வாயின் தடித்த முரசோடு சேர்த்து நிலமட்டத்திலேயே நறுக்க இயல்வதாலும், நெருங்கி நிற்கும் பல பூண்டுகளுள் தனக்கு வேண்டியதை மட்டும் அது பொறுக்கியெடுக்கிறது. தண்டைவிட இலையையும், காய்ந்ததைவிடப் பச்சையையும் முதலில் தேடும். மாரி மழைக்குப் பின் அறுகினூடே படரும் சிறுபுள்ளடி போன்ற அவரைக் குடும்பப் பூண்டுகளில் அதற்குத் தனி விருப்பம் உண்டு. பிரித்தானிய ஆய்வுகளில், புல்லும் குளோவர் என்ற அவரையினப் பூண்டும் அருகருகே தாராளமாகக் கிடைத்தபோது, செம்மறிகள் ஏறத்தாழ 70 வீதம் குளோவரையே மேய்ந்தன. அதிலும் காலையில் குளோவரையும், மாலை சாயச் சாயப் புல்லையும் கூடுதலாக நாடின. நம் மேய்ப்பர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

கோடையில் குறைவது புல்லின் அளவன்று, அதன் தரமே. பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு, தீனியின் உலர்நிறையில் 7 வீதமளவு புரதமேனும் வேண்டும். முற்றி உலர்ந்த புல்லில் அது கிடைப்பதில்லை. செரிப்பு மந்தமாகி வயிறு நிறைந்தே கிடப்பதால், ஆடு மேய்வதும் குறைந்து உடல் வற்றுகிறது. ஆகவே பட்டிக்குத் திரும்பியதும் சீமைக்கிளுவைக் குழையைச் சற்று வாடவிட்டுக் கொடுங்கள். அதன் உலர்நிறையில் புரதம் 20 வீதத்துக்குக் குறையாது. மாட்டுக்கென விற்கப்படும் தாதுக் கலவையை மட்டும் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள செப்பு செம்மறியின் ஈரலில் தேங்கி நஞ்சாகக்கூடும்.

கேள்வி: நெருஞ்சி மண்டிய காணியில் செம்மறியை விடலாமா?
– வாசகி ஒருவர், புங்குடுதீவு

பதில்: வேறு புல் இல்லாத காணியென்றால் விடாதீர்கள். நெருஞ்சியை மிகுதியாக மேய்ந்த செம்மறிகளின் ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் முகமும் காதும் வீங்கி மஞ்சள் பூக்கும் நோய் தென்னாபிரிக்காவில் நெடுங்காலமாக அறியப்பட்டது. அத்தகைய வீக்கம் கண்டால் உடனே நிழலுக்கு மாற்றிக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.