ஜெர்மனியின் முதல் சாம்பியன் இப்போது எந்த லீக்கில்? ஒரு வினாடி வினாத் தகராறு

கேள்வி: எங்கள் அலுவலக விளையாட்டு வினாடி வினாவுக்கு நான்தான் கேள்விகள் தயாரித்தேன். ‘ஜெர்மனியின் முதல் தேசியக் கால்பந்து சாம்பியனான கிளப் இப்போது எந்த லீக்கில் ஆடுகிறது?’ என்று ஒரு கேள்வி. ஒரு அணி, ‘வி.எஃப்.பி. லைப்சிக், அது கலைந்துபோய்விட்டது, எந்த லீக்கிலும் இல்லை’ என்றது. இன்னொரு அணி, ‘லோக்கோமோட்டிவ் லைப்சிக், நான்காம் டிவிஷன்’ என்றது. இரண்டு அணியும் செல்போனில் ஆதாரம் காட்டின. நான் யாருக்கும் மதிப்பெண் தரவில்லை. அதனால் இருவருக்கும் என்மேல் கோபம். யார் சொன்னது சரி? இதுபோல் மாட்டிக்கொள்ளாமல் பழைய கிளப்புகளைப் பற்றிக் கேள்வி எழுதுவது எப்படி?

பதில்: லோக்கோமோட்டிவ் என்று சொன்ன அணிக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். கலைந்துவிட்டது என்றவர்களுக்குப் பாதி. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. கேள்வியைத்தான் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். ‘கிளப்’ என்றால் அதன் பெயரா, ஆடும் மைதானமா, ரசிகர்களா, கோர்ட்டில் பதிவான சங்கமா என்று அது சொல்லவில்லை. ஜெர்மனியில், அதிலும் பழைய கிழக்கு ஜெர்மனியில், இவை நான்கும் நான்கு பக்கம் போயிருக்கும்.

முதலில் 1903. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900 ஜனவரி 28 அன்று தொடங்கப்பட்டதே லைப்சிக் நகரத்து உணவகம் ஒன்றில்தான். மூன்று வருடம் கழித்து அது நடத்திய முதல் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம் மே 31 அன்று ஆல்டோனாவில் நடந்தது. இன்று ஹாம்பர்க்கின் ஒரு பகுதியான ஆல்டோனா அப்போது தனி ஊர். வி.எஃப்.பி. லைப்சிக்கும் டி.எஃப்.சி. பிராக் அணியும் மோதின. பிராக் அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. ஜெர்மன் மொழி பேசுவோரின் கிளப் என்பதால் அதையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறுதி ஆட்டத்துக்கு வந்த கதைதான் வேடிக்கை. அரையிறுதியில் அது சந்திக்க வேண்டிய கார்ல்ஸ்ரூ அணிக்கு, ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று ஒரு தந்தி வந்தது. அவர்கள் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். தந்தி போலி. அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. இறுதி ஆட்டமும் ஒழுங்காகத் தொடங்கவில்லை. ஆடத் தகுந்த பந்து கிடைக்காமல் அரை மணி நேரம் போனது. அதன்பிறகு லைப்சிக் 7-2 என்று ஊதித்தள்ளியது.

அதே கிளப் 1906, 1913 ஆண்டுகளிலும் சாம்பியன் ஆனது. 1922-இல் நகரின் தென்கிழக்கில் உள்ள ப்ரோப்ஸ்ட்ஹைடா பகுதியில் சொந்த மைதானம் திறந்தது. 1936-ஆம் ஆண்டுக்கான ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டம் 1937 ஜனவரியில் பெர்லினில் நடந்தபோது, அந்தக் காலத்தில் யாரும் அசைக்க முடியாத ஷால்கே அணியை 2-1 என்று வீழ்த்தியது. இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை: ஒரே பெயர், ஒரே சங்கம், நீல வெள்ளை நிறம்.

1945-இல் சங்கிலி அறுந்தது. போரில் வென்ற நேச நாடுகள், நாஜி ஆட்சியில் இயங்கிய விளையாட்டுச் சங்கங்களையெல்லாம் கலைக்க உத்தரவிட்டன. உத்தரவு ஜெர்மனி முழுவதற்கும்தான். ஆனால் மேற்குப் பகுதியில் பழைய கிளப்புகள் சீக்கிரமே பழைய பெயரிலேயே எழுந்துவிட்டன. இன்று நமக்குத் தெரிந்த பல பெரிய கிளப்புகளின் வரலாற்றிலும் இந்த ஓட்டை இருக்கிறது. யாரும் அதை நோண்டுவதில்லை. சோவியத் பகுதியில் பழைய பெயருக்கே இடமில்லை. பேட்டைக்கு ஒரு விளையாட்டுக் குழு மட்டுமே அனுமதி. ப்ரோப்ஸ்ட்ஹைடாவில் 1946-இல் அப்படி ஒன்று உருவானது. வி.எஃப்.பி.யின் மைதானம் அதற்கு வந்தது, பழைய ஆட்கள் பலரும் வந்தார்கள். காகிதத்தில் மட்டும் அது புதுச் சங்கம்.

இதற்குப் பிறகு பெயர்ப்பலகை எழுதுபவருக்கு ஓய்வே இல்லை. அரசும் தொழிற்சங்கங்களும் கிளப்புகளைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், இடம் மாற்றினார்கள். எல்லாவற்றையும் அடுக்கினால் உங்களுக்குத் தலை சுற்றும். 1963-இல் நடந்ததை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்தின் இரண்டு பெரிய அணிகளான ரோட்டாட்சியோன், லோக்கோமோட்டிவ் (இது பின்னால் வரும் லோக் அல்ல) இரண்டையும் கலைத்து, தேர்ந்த ஆட்டக்காரர்களை எஸ்.சி. லைப்சிக் என்ற ஒரே அணியில் குவித்தார்கள். தேறாது என்று ஒதுக்கப்பட்டவர்களை நகரின் வடமேற்கில் லாய்ட்ஷ் பகுதியில் உள்ள கெமி லைப்சிக்கில் போட்டார்கள். ஊரார் அந்த அணிக்கு ‘லைப்சிக்கின் மிச்சம்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆல்ஃபிரட் குன்ட்ஸே என்ற பயிற்சியாளரின் கீழ் அந்த மிச்சம் 1964-இல் கிழக்கு ஜெர்மன் சாம்பியன் ஆனது. தேர்ந்தெடுத்த அணி வேடிக்கை பார்த்தது. லைப்சிக்கில் நீல மஞ்சள் கொடி பிடிக்கும் லோக்கோமோட்டிவ் ரசிகர்களுக்கும் பச்சை வெள்ளைக் கொடி பிடிக்கும் கெமி ரசிகர்களுக்கும் இன்றுவரை ஏன் ஆகாது என்பதற்கு வேறெங்கும் போய்க் காரணம் தேட வேண்டாம்.

அந்த எஸ்.சி. லைப்சிக்கின் கால்பந்துப் பிரிவுதான் 1966 ஜனவரி 20 அன்று ‘1. எஃப்.சி. லோக்கோமோட்டிவ் லைப்சிக்’ என்று தனியாகப் பிரிந்தது. லோக் என்பார்கள் சுருக்கமாக. ரயில்வே ஆதரவு பெற்ற கிளப், அதனால் அந்தப் பெயர். 1976, 1981, 1986, 1987 என நான்கு முறை கிழக்கு ஜெர்மன் கோப்பையைத் தூக்கியது. லீக் பட்டம் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. 1986 மார்ச் 22 அன்று பெர்லினின் பி.எஃப்.சி. டைனமோவுக்கு எதிராக 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய வேண்டிய நேரம் கடந்து நடுவர் ஒரு பெனால்ட்டி கொடுத்தார். டைனமோ உளவுத்துறையின் செல்லப்பிள்ளை. நாடே கொதித்தது, நடுவருக்குத் தடை விழுந்தது. ஆட்டத்தின் கணக்கு 1-1 என்றே நின்றது. அந்த வருடம் டைனமோ சாம்பியன், லோக் இரண்டாம் இடம்.

உங்கள் வினாடி வினாவுக்கு நல்ல தீனி ஒன்று இங்கே இருக்கிறது. 1987 ஏப்ரலில், ஐரோப்பிய நாடுகளில் கோப்பை வென்ற அணிகள் மோதும் கப் வின்னர்ஸ் கோப்பையின் அரையிறுதி. எதிரணி பிரான்ஸின் போர்டோ. முதல் ஆட்டத்தை லோக் அங்கே போய் 1-0 என்று வென்றிருந்தது. லைப்சிக்கின் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் மறு ஆட்டம். கணக்குப்படி 73,000 பேர். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பார்கள். போர்டோ ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுச் சமன் செய்ய, கூடுதல் நேரமும் முடிந்து பெனால்ட்டிக்குப் போனது. லோக் கோல்கீப்பர் ரெனே முல்லர் எதிரணியின் அடிகளைத் தடுத்தார். பிறகு கையுறையோடு தானே நடந்துபோய்ப் பந்தை வைத்து, வெற்றி அடியையும் அடித்தார். 6-5. மே மாதம் ஏதென்ஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் அயாக்ஸிடம் 0-1 என்று தோல்வி. கோல் அடித்தவர் மார்கோ வான் பாஸ்டன்.

இப்போது கவனமாகப் படியுங்கள். உங்கள் இரண்டு அணிகளும் இடறியது இங்கேதான். ஜெர்மனி ஒன்றானதும் 1991-இல் லோக் தன் பெயரை ‘வி.எஃப்.பி. லைப்சிக்’ என்று மாற்றிக்கொண்டது. ‘லோக்கோமோட்டிவ்’ என்றாலே பழைய ஆட்சியின் வாடை. பழைய சாம்பியனின் பெயருக்கு மேற்கில் மதிப்பு. அந்தப் பெயரோடு 1993-94 பருவத்தில் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவிலும் ஆடி, கடைசி இடம் பிடித்து இறங்கியது. ஆக வரலாற்றில் இரண்டு வி.எஃப்.பி. இருக்கின்றன. 1903-இல் வென்றது ஒன்று. 1993-இல் புண்டஸ்லிகாவுக்கு வந்தது, பெயர் மாற்றிய லோக். இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

இரண்டாவது வி.எஃப்.பி. கடனில் மூழ்கி 2004-இல் முடிந்துபோனது. ஜெர்மன் சட்டப்படி, திவால் நடவடிக்கை தொடங்கினாலே சங்கம் கலைந்ததாகப் பொருள். ‘கலைந்துபோய்விட்டது’ என்று உங்கள் முதல் அணி காட்டிய ஆதாரம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். முடிவு நெருங்குவது தெரிந்து, 2003 டிசம்பர் 10 அன்றே ரசிகர்கள் கூடி ‘1. எஃப்.சி. லோக்கோமோட்டிவ் லைப்சிக்’ என்ற பெயரில் புதுச் சங்கம் பதிவு செய்துவிட்டார்கள். புதுச் சங்கத்துக்குப் பழைய சங்கத்தின் கடன் வராது. அதனுடைய லீக் இடமும் வராது. அதனால் ஆக அடிமட்டமான பதினோராம் படியில் தொடங்க வேண்டியதாயிற்று. அந்தப் படியில் பொதுவாக ஆட்டக்காரர்களின் வீட்டார்தான் பார்வையாளர்கள். 2004 அக்டோபரில் பக்கத்து ஊர்க் கிளப்பான ஐன்ட்ராக்ட் கிராஸ்டாய்பனின் இரண்டாம் அணியோடு சென்ட்ரல் ஸ்டேடியத்தில் ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 12,421 பேர்.

மேலே ஏறிய விதத்தில் ஒரு சின்ன விஷயம். 2005-இல் டோர்காவ் என்ற ஊரின் கிளப்பை இணைத்துக்கொண்டு, அதன் லீக் இடத்தில் ஏறி, லோக் சில படிகளைத் தாண்டியது. 2009-இல் ரெட் புல் பானக் கம்பெனியின் பணத்தோடு வந்த ஆர்.பி. லைப்சிக், மார்க்ரான்ஸ்டெட் கிளப்பின் இடத்தை வாங்கி ஐந்தாம் படியில் தொடங்கியதைத் திட்டாத லோக் ரசிகர் இல்லை. பணமும் அளவும் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவர் இடத்தில் ஏறும் வழியை இவர்களும் அறியாதவர்கள் அல்ல.

2025-26 பருவத்தில் லோக் நான்காம் படியான ரீஜனல்லீகாவின் வடகிழக்குப் பிரிவு அணி. மேலே போவதும் லேசில்லை. நான்காம் படியில் ஐந்து பிரிவுகள். முதலிடம் பிடித்தாலும் சில பிரிவுகளின் சாம்பியன்கள் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் மோதி, வென்றவர்தான் மூன்றாம் படிக்குப் போக முடியும். 2020-இல் லோக் முதலிடம். இரண்டு ஆட்டமும் சமன், வெளியூர்க் கோல் கணக்கில் வெர்ல் அணி ஏறியது. 2025-இல் மறுபடி முதலிடம். ஹாவெல்ஸே அணியிடம் தோற்றது. சாம்பியன் ஆகியும் அதே படியில் நிற்பது கொடுமைதான். அந்த ஊர்க்காரர்கள் இந்த விதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

அப்படியானால் லோக் 1903-இன் சாம்பியனா? அண்மை ஆண்டுகளில் லோக், திவாலான வி.எஃப்.பி. சங்கத்தோடு சட்டப்படி இணையும் வேலையைச் செய்தது. அதை வைத்து ‘சட்டப்படியே முதல் சாம்பியன்’ என்று எழுதுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். இணைந்தது இரண்டாவது வி.எஃப்.பி.யோடு, அதாவது தன்னுடைய பழைய உருவத்தோடு. அந்தச் சட்ட நூல் 1966 வரைதான் போகும். 1945-இன் வெட்டை எந்தப் பதிவும் ஒட்டவைக்க முடியாது. அதற்குமுன் போவதற்கு லோக் கையில் இருப்பது ப்ரோப்ஸ்ட்ஹைடா மைதானமும், தலைமுறையாக அங்கே வரும் குடும்பங்களும். அந்த மரக் கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவரிடம் போய் ‘உங்கள் கிளப் 2003-இல் பிறந்தது’ என்று சொன்னால் சிரிப்பார். கால்பந்தில் என் ஓட்டு மைதானத்துக்குத்தான்; அதனால்தான் லோக் என்றவர்களுக்கு முழு மதிப்பெண்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். பழைய ஜெர்மன் கிளப்பைப் பற்றிக் கேள்வி எழுதும்போது, பெயரோடு ஒட்டியிருக்கும் வருடத்தை நம்பாதீர்கள். மியூனிக்கின் 1860 கிளப் அந்த வருடம் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கியது. கால்பந்து ஆட ஆரம்பித்தது 1899-இல். முதல் வி.எஃப்.பி.க்கும் இதே கதை. அந்தப் பெயர் 1896-இல் வந்தது. பின்னால் இணைந்த ஒரு சிறு கிளப்பின் வருடத்தைக் கணக்கில் எடுத்து 1893 என்று போட்டுக்கொண்டார்கள்.

சங்கம் உயிரோடு இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், ஜெர்மன் மாநிலங்களின் பொதுப் பதிவேட்டுத் தளத்தில் தேடலாம். கம்பெனிப் பதிவோடு சங்கங்களின் பதிவும் அங்கே இருக்கிறது. 2022 ஆகஸ்டிலிருந்து கட்டணம் கிடையாது. பெயரும் ஊரும் கொடுத்தால் போதும். திவால், கலைப்பு எல்லாம் அந்தப் பதிவில் வரும். கிழக்கு ஜெர்மனிக் கிளப் என்றால் 1945-46, 1963-66, 1990-91, இந்த மூன்று காலத்திலும் அது என்ன பெயரில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கேயாவது இரண்டு பெயர் வந்தால் அந்தக் கேள்வியைத் தொடாதீர்கள். 1964 சாம்பியனின் வாரிசு யார் என்று கேட்டுவிடாதீர்கள்: கெமி 1990-இல் எஃப்.சி. சாக்சன் ஆனது, 1997-இல் ரசிகர்கள் தனியாகப் புது கெமி தொடங்கினார்கள், 2011-இல் சாக்சன் திவாலானது. உங்கள் அலுவலகத்தில் இன்னொரு சண்டை தேவையில்லை.

லீக்கைப் பற்றிய கேள்வியில் ‘இப்போது’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டுப் பருவத்தைப் போடுங்கள். உங்கள் கேள்வியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘1903-இல் ஜெர்மனியின் முதல் சாம்பியனான வி.எஃப்.பி. லைப்சிக்கின் ப்ரோப்ஸ்ட்ஹைடா மைதானத்தில் ஆடி, 2024-25 பருவத்தில் ரீஜனல்லீகா வடகிழக்குப் பட்டம் வென்ற கிளப் எது?’ விடை, 1. எஃப்.சி. லோக்கோமோட்டிவ் லைப்சிக். வி.எஃப்.பி. என்று யாராவது சொன்னால் தயங்காமல் பூஜ்யம் போடலாம்.