ஃபிளாஷ் கார்டனை வாரத்துக்கு ஒன்றாகப் பாருங்கள்

கேள்வி: 1936-இல் தியேட்டர்களில் தொடராக வந்த 'ஃபிளாஷ் கார்டன்' என்ற விண்வெளி சாகச சீரியலின் டிவிடி வாங்கினேன். பத்து வயது மகனோடு ஒரே மூச்சில் நாலு அத்தியாயம் பார்த்தோம். ஒவ்வொன்றும் முந்தைய அத்தியாயத்தின் கடைசிக் காட்சியையே மறுபடி காட்டுகிறது. செத்தே போனான் என்று நினைத்த ஹீரோ அடுத்ததில் சாதாரணமாக எழுந்து வருகிறான். "இது போங்குப்பா" என்று பையன் எழுந்து போய்விட்டான். டிஸ்க்கில் ஏதாவது கோளாறா? 'ஸ்பேஸ் சோல்ஜர்ஸ்', 'ராக்கெட் ஷிப்' என்ற பெயர்களிலும் விற்கிறார்கள். அவற்றையும் வாங்கலாமா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. நாலையும் சேர்த்துப் பார்த்ததுதான் வினை. யுனிவர்சல் நிறுவனம் இதை 13 அத்தியாயங்களாக எடுத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். அமெரிக்கத் தியேட்டர்களில் சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் கூட்டத்துக்கு ஒரு கார்ட்டூன், ஒரு கௌபாய் படம், அவற்றோடு சீரியலில் ஓர் அத்தியாயம் என்று போடுவார்கள். மிச்சத்துக்கு அடுத்த சனிக்கிழமைதான். போன வாரம் வராத பையனுக்கும் கதை புரிய வேண்டும் என்பதால்தான் அந்த மறுகாட்சி.

உங்கள் மகன் சொன்ன போங்கும் அந்த ஏழு நாள் இடைவெளியை நம்பித்தான் நடந்தது. இந்த வாரம் கார் பள்ளத்தில் விழுந்து வெடிக்கும். அடுத்த வாரம் அதே காட்சியில் புதிதாக ஒரு துண்டைச் செருகி, விழுவதற்கு முன்பே ஹீரோ குதித்துவிட்டதாகக் காட்டுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கிற பிள்ளைக்குப் பாதி மறந்திருக்கும், மீதியை மன்னித்துவிடும். உடனுக்குடன் பார்த்தால் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை பைண்டு பண்ணி ஒரே ராத்திரியில் படித்தாலும் இதே அலுப்புதான்.

அதனால் சனிக்கிழமைக்கு ஒன்று. ஆபத்தில் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, "இவன் எப்படித் தப்பிப்பான், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அடுத்த வாரம் அவர்கள் காட்டுகிற வழியைவிட அவன் சொல்வது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இப்போது வாங்குகிற விஷயம். 'ஸ்பேஸ் சோல்ஜர்ஸ்' என்பது இதே சீரியல்களுக்குப் பின்னால் தொலைக்காட்சிக்காக வைத்த பெயர். 'ராக்கெட் ஷிப்' என்பது உங்களிடம் உள்ளதையே வெட்டிச் சுருக்கி ஒரே படமாக்கியது. 'மார்ஸ் அட்டாக்ஸ் த வேர்ல்ட்' என்று ஒன்று கண்ணில் பட்டால், அது 1938-இன் இரண்டாம் சீரியலைச் சுருக்கியது. அட்டையில் பெயரைப் பார்க்காதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். முதல் சீரியல் முழுசாக நாலு மணி நேரத்துக்கு மேல் வரும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தால் அது வெட்டியது. வெட்டும்போது முதலில் பறிபோவது அத்தியாய முடிவுகள்தான். அவை போனபின் இதில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலாவது பிடித்தால் 'ஃபிளாஷ் கார்டன்ஸ் டிரிப் டு மார்ஸ்', 15 அத்தியாயம். என் கணக்கில் மூன்று ஃபிளாஷ் கார்டன் சீரியல்களில் இதுதான் சிறந்தது. குகைச் சுவரிலிருந்து களிமண் மனிதர்கள் மெல்லப் பிதுங்கி, தனி உருவமாகி நடந்து வரும் காட்சி ஒன்று உண்டு. சுவர் ஒரு படம், ஆள் ஒரு படம், ஒன்று மங்க மங்க மற்றது தெளிகிறது. அவ்வளவுதான் தந்திரம். இன்றும் லேசாகச் சிலிர்க்கும். முதல் சீரியலில் பொன்னிறக் கூந்தலோடு வந்த கதாநாயகி டேல், இதில் கருங்கூந்தலோடு வருவாள். நடிகை அதே ஜீன் ரோஜர்ஸ்தான், பையன் குழம்ப வேண்டாம். ஹீரோ பஸ்டர் கிராபும் சாயம் பூசித்தான் பொன்முடிக்காரர் ஆனார். மனிதர் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர்.

1940-இல் வந்த மூன்றாவதில் கதை ஒல்லி. ஆனால் தொடக்கத்தில் முன்கதை எழுத்துகள் சாய்வாக மேலேறிப் போகும். 'ஸ்டார் வார்ஸ்' பார்த்த பிள்ளை என்றால் துள்ளிக் குதிப்பான். ஜார்ஜ் லூக்காஸ் எடுத்தது இங்கிருந்துதான்.

ஒன்றை மட்டும் நீங்களே பையனிடம் பேசிவிடுங்கள். வில்லன் மிங்கை அன்றைய அமெரிக்கர்கள் ஆசியர்களைப் பற்றி வைத்திருந்த பயத்திலிருந்துதான் செய்தார்கள். அந்த மீசை, அங்கி, பெயர் எல்லாமே அதன் அடையாளம். சார்லஸ் மிடில்டன் அந்த வேடத்தை ரசித்து நடித்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

அப்புறம் கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் ரிபப்ளிக் நிறுவனத்தின் 'கிங் ஆஃப் த ராக்கெட் மென்', 1949, 12 அத்தியாயம். இதில் ஹீரோ பறப்பான்: தோல் ஜாக்கெட், தோட்டா வடிவத் தலைக்கவசம். மார்பில் திருகுகிற குமிழ்கள்: மேலே-கீழே, வேகம்-மெது. பறப்பதற்கு வேறெதுவும் தேவையில்லை! தூரக் காட்சிகளில் பறப்பது கம்பியில் வழுக்கிப் போகிற பொம்மை. ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் சகோதரர்கள் அதைத் திறந்த வெளியில் நிஜ வெயிலில் ஓட்டிப் படம்பிடித்ததால் பொம்மை என்றே தோன்றாது. இதைப் பார்த்த கையோடு 1952-இன் 'ரேடார் மென் ஃப்ரம் த மூன்' வாங்கிவிடாதீர்கள். அதே உடை, அதே பறக்கும் காட்சிகள் அதிலும் வரும். ஆறு மாதம் போகட்டும்.

'த ஃபான்டம் எம்பயர்' (1935) வேண்டுமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். பாட்டுப் பாடும் கௌபாய் ஒருவர் பூமிக்கடியில் உள்ள ராஜ்யத்தில் ரோபோக்களிடம் அடிபட்டுவிட்டு, மதியம் 2 மணிக்குள் மேலே வந்து வானொலியில் பாடியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். இந்தக் கதையைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். சிரித்தால் வாங்குங்கள்.